பெஞ்சில் வைத்துக் கேட்ட கேள்வி

விழுப்புரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்த ஏழுமலை பாதியில் நின்றார். சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு நோட்டீஸை வெகு அக்கறையாகப் படித்தார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் படிக்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. இத்தனை வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து என்ன பிரயோஜனம்?

இதயம் பலவீனமானவர்களுக்கான ஓர் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கியிருந்தார்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் புராஜெக்ட். நான் கேள்வியைப் படித்துக் காட்டிப் பதிலை டிக் செய்வேன். பிறகு நோயாளியை ஆறு நிமிடம் நடக்கவிடுவோம். பதிலும் நடையும் ஒத்துப்போனால் தமிழ் பாஸ்.

ஏழுமலை திண்டிவனம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் விவசாயி. குளிப்பது, நடப்பது, எதைக் கேட்டாலும் “ஒண்ணியும் கஷ்டம் இல்ல சிஸ்டர்” என்றார். ஸ்கோர் பிரமாதம். நடைதான் நோட்டீஸோடு நின்றுவிட்டது.

“கேள்வி புரியலபோல. இன்னொரு வாட்டி ஈசியா கேளுங்க. அப்பவும் இப்படித்தான்னா வார்த்தைய மாத்திடலாம்” என்றார் புராஜெக்ட் டாக்டர்.

கேட்டேன். வராந்தாவில் கிடந்த ஓ.பி. பெஞ்சிலேயே, அவர் மனைவி செல்லம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் சத்தமாக.

“பெரியவரே, நீங்களா குளிக்கிறீங்களா, யாராவது குளிப்பாட்டணுமா?”

பெஞ்சே திரும்பிப் பார்த்தது.

“நானேதான் குளிக்கிறேன்.”

செல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “எதுக்குங்க மறைக்கிறீங்க? சொம்பத் தூக்க முடியலன்னு நான்தான குளிப்பாட்டிக்கினு இருக்கேன்.”

ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்தார். எழுந்து வெளியே போய்விட்டார். கால் வீங்கியிருந்தது, அன்றைக்கு மாத்திரையைக் கூட்ட வேண்டியவர். அதை வாங்காமல் ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

செல்லம்மாளை உட்காரச் சொல்லிவிட்டு ஓடினேன். கேட் பக்கத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார்.

“தப்பு என் மேலதாங்க” என்றேன்.

“கண்ணாலம் ஆனதுலேர்ந்து அவளுக்கு கெணத்துல தண்ணி சேந்திக் குடுத்தவன் நானு. அத்தினி பேரு நடுவுல இத்த இன்னான்னு சொல்றது?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி, இப்ப கேளுங்க.”

பக்கத்தில் உட்கார்ந்து தாளில் இருந்த அதே கேள்விகளை, ஒரு வார்த்தையும் மாற்றாமல், மெதுவாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னார். ராத்திரியில் உட்கார்ந்துகொண்டேதான் தூங்குகிறாராம்.

தமிழில் கோளாறு இல்லை, கேட்ட இடம்தான் கோளாறு என்று டாக்டரிடம் சொன்னேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன்: கேள்வியை அப்புறம் திருத்தலாம், முதலில் கூட வந்தவர்களை டீ குடிக்க அனுப்புங்கள்.

அன்றைக்கு ஏழுமலையை டாக்டரிடம் காட்டி, மாத்திரைச் சீட்டோடு பெஞ்சுக்குத் திரும்பியபோது செல்லம்மாள் கேட்டார். “இப்பவாச்சும் நெசத்தச் சொன்னாரா சிஸ்டர்?”

“ஒண்ணும் கஷ்டம் இல்லன்னுதாம்மா சொன்னாரு. வீக்கத்தப் பாத்து மாத்திரைய கூட்டியிருக்காங்க.”

ஏழுமலை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தக் கொசு நோட்டீஸை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தார்.