பட்டுக்குள் இருந்த வயலின்

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று வயலினுக்குச் சுருதி சேர்த்தாள். தந்தியை முறுக்கும் பிரடை கிறீச்சென்று நழுவியது. அந்தச் சத்தம் என்னை எழுபதுகளில் நாங்கள் இருந்த மலையூரான சித்திரபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்பாவுக்கு அங்கே மின்வாரியத்தில் வேலை. மார்கழியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே பனி புகுந்துவிடும். அக்கா கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு வயலின் வாசிப்பாள். வீட்டில் சேர்த்த சுருதி, குளிரில் பிரடை நழுவி, கோயிலுக்குப் போவதற்குள் இறங்கிவிடும். ஒரு ஞாயிறு பாட்டின் நடுவில் தந்தி தளர்ந்து, பாடியவர்கள் எல்லோரும் தடுமாறிப்போனார்கள்.

"இனிமே நான் வாசிக்க மாட்டேன்" என்று அக்கா அழுதாள்.

அப்பா வயலினை அடுப்போரம் வைக்கப் போனார். "சூட்டுல பலகை வெடிச்சிரும்ங்க" என்று தடுத்த அம்மா, டிரங்குப் பெட்டியிலிருந்து தன் கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்து வயலினைச் சுற்றினாள்.

"ஏட்டி, குளிரு உனக்கு மட்டுந்தானா? அதுக்கும் போர்த்தணும்லா."

"அப்ப பண்டிகைக்கு நீ எதம்மா உடுத்துவ?"

"ஏன், நூல் சேலை இல்லையா?"

கிறிஸ்துமஸ் காலையில் அக்கா பிரடைகள் நழுவாமலிருக்கச் சாக்பீஸ் தேய்த்துச் சுருதி சேர்த்தாள். சுற்றிய பட்டுச் சேலையைக் கோயிலில் போய்த்தான் பிரித்தாள். கடைசிப் பாட்டுவரை சுருதி அசையவில்லை. பட்டும் சரிகையுமாய் வந்திருந்த பெண்களின் நடுவில், சாயம்போன நூல் சேலையில் நின்று அம்மா எல்லோரையும்விட உரக்கப் பாடினாள்.