இல்லாத கம்ப்யூட்டரில் தேடிய நிரல்

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். பிரிண்டர் மக்கர் பண்ணினால் என்னைக் கூப்பிடுவார்கள். போகும்போதெல்லாம் அங்கே ரிப்போர்ட்டுக்காகக் கூட்டம் நின்றுகொண்டிருக்கும். முதலாளி அத்தனை பேர் முன்னாலும் வரவேற்பில் இருந்த பெண்ணைத் திட்டுவார்.

"இன்னாம்மா, தூங்கிக்கினு இருக்கியா? ஜல்தியா தட்ட வராதா?"

"தட்டிட்டேன் சார். அதுதான் சுத்திக்கினே இருக்குது."

புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். தாமதம் அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார். அப்போதும் மாறவில்லை. பிறகுதான் ரிப்போர்ட் எடுக்கும் நிரலைப் பார்க்க என்னை விட்டார்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அந்த நிரல் புதிதாகக் கிளம்பி, தனக்கு வேண்டிய ஏராளமான சின்னக் கோப்புகளைத் தேடும். எந்தெந்த ஃபோல்டரில் தேடவேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. அதில் முதல் இடம், எப்போதோ மூடிவிட்ட மயிலம் கிளையின் கம்ப்யூட்டர். ஒவ்வொரு கோப்புக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த இல்லாத கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அலுத்த பிறகுதான் பக்கத்து ஃபோல்டருக்கு வந்தது. வரிசையிலிருந்து அந்த இடத்தை நீக்கினேன். ரிப்போர்ட் உடனே வந்து விழுந்தது.

முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தியா, புது மெஷினு!"

"மெஷின் இல்ல சார். கிளையை மூடினப்ப இதை யாரும் எடுக்கல. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. கூப்பிட்டுச் சொல்லுங்க."

"அது இன்னாத்துக்குப்பா பேஜாரு? போனவ போயிட்டா. நீயும் வெளிய சொல்லிக்கினு திரியாத." சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார். வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையை உடனே கழற்றிப் போட்டேன்.

அந்தப் பெண் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்ப நான் ஸ்லோ இல்லீங்களாண்ணா?"

"இல்லம்மா."

"எங்கப்பாவும் நான் மந்தம்னு சொல்லிக்கினு இருக்காரு. வந்து ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

அன்று சாயங்காலமே போனேன். அவள் அப்பா மல்லாட்டையை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"அந்தாளுக்கு இது தெரியுமா?"

"தெரியும். சொல்லிட்டேன்."

"தெரிஞ்சும் ஒரு போன் பண்ணலியா?" எழுந்து தெருவில் போய்க் காறித் துப்பினார். திரும்பி வந்து மகளைப் பார்க்காமலே, "நானும் நம்பிட்டேனேம்மா" என்றார்.