நாலு பக்கச் சடங்கு

எங்கள் மானுடவியல் துறையில் பேராசிரியர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேர் எழுதிய எல்லாப் புத்தகங்களையும் முழுசாகப் படித்த ஒரே ஆள் டைப்பிஸ்ட் அக்கா. ஆசைப்பட்டுப் படித்தார் என்று சொல்ல மாட்டேன். டைப் அடிப்பவருக்கு வேறு வழி கிடையாது.

நான் பதிவறை காப்பாளர். பேராசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுத்துவரும் கேசட்டுகளுக்கு எண் போட்டு அடுக்குவது என் வேலை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அதை எழுத்தில் இறக்குவது அக்காவின் வேலை. பேசுகிறவர் இருமினால் ‘இருமல்’ என்று அடிக்க வேண்டும். அழுதால் ‘அழுகை’. முப்பது வருடமாக எத்தனையோ நாட்டுக் கல்யாணமும் சாவும் பேயும் பிள்ளைப்பேறும் அவர் காது வழியாகத்தான் போயின. மாப்பிள்ளையை ஆற்றில் தள்ளுகிறவர்கள் யார், பிணத்திடம் வழி கேட்கிறவர்கள் யார் என்று கேட்டால் டக்கென்று சொல்வார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் மட்டும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் செருப்பு விடும் இடத்திலேயே நிற்பார்.

அவர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். கையில் எங்கள் பழைய துறைத் தலைவர் எழுதிய புத்தகம். அட்டை போய், நூல் கட்டி வைத்திருந்தார்.

“இதுல எங்க ஊர் மருத்துவச்சி பேசினது இருக்கு. அந்த கேசட் எனக்கு வேணும்.”

எந்த அத்தியாயம் என்று பார்க்கவே தேவையில்லை. துறைத் தலைவரைப் பெரிய மனிதராக்கியதே அதுதான். மலைக்கு அந்தப் பக்கத்து மக்களிடம், தாய் இறந்தால் மூத்த மகளை உடலோடு ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்களாம். மகள் அம்மாவைத் திட்ட வேண்டும். மனசில் இருக்கிற அத்தனையையும் வாய் வலிக்கும்வரை திட்ட வேண்டும். யாரும் கதவைத் திறக்கக் கூடாது. மருத்துவச்சியின் இந்த நாலு பக்கப் பேச்சுக்கு அறுபது பக்கம் விளக்கம் எழுதி, மனுஷன் ஒன்பது நாட்டில் சால்வை வாங்கினார்.

“எதுக்கும்மா கேசட்?” என்றேன்.

“போன மாசம் எங்க அம்மா செத்துட்டாங்க. எங்க ஊர்ல பழசு தெரிஞ்சவங்க யாரும் இல்ல சார். இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எல்லாம் செய்யறோம். நானும் கதவைச் சாத்திட்டு ஒன்றரை மணி நேரம் திட்டினேன். அன்னையிலேர்ந்து அண்ணன் என்கூடப் பேசல. பெத்தவளைப் பொணமா வெச்சுத் திட்டற வழக்கம் எந்த உலகத்துல இருக்கு, அந்தக் கேசட்டைக் கொண்டா பார்க்கலாம்ங்கறார். எனக்கு இருக்கறது அவர் ஒருத்தர்தான்.”

இருநூற்றுப் பதினாலாம் எண் பெட்டியை எடுத்துத் திறந்தேன். காலி. என் பதிவறையில் காலிப் பெட்டி! எனக்கு மானமே போய்விட்டது. வெளியே வந்தால் வாசலில் அக்கா நின்றிருந்தார்.

“அதுல ஒண்ணும் இருக்காது. நான்தான் தூக்கிப் போட்டேன்” என்றார்.

“அக்கா, சும்மா இருங்க. பூஞ்சை பிடிச்சிடுச்சுன்னு சொல்லிடறேன்” என்று காதோடு சொன்னேன். அஞ்சு மாசத்தில் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போக வேண்டிய மனுஷி. வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன குறைந்துபோகும்? கேட்கவே இல்லை. நேராகப் போய் அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்தார்.

“நான் வேலைக்குச் சேர்ந்த புதுசும்மா. மெஷின் நாடாவைத் தின்னுடுச்சு. மருத்துவச்சி அதுக்குள்ள செத்துட்டாங்க, தலைவருக்காகப் பேட்டி எடுத்த மாணவரும் வெளிநாடு போயிட்டாரு, திரும்பக் கேட்க முடியாது. வேலை போயிடும்னு பயந்து அந்த நாலு பக்கத்தை நானே அடிச்சேன். இருமல்கூடப் போட்டேன்.”

அந்தப் பெண் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திட்டறது?”

“அதுவும் என்னோடதுதான். அப்பதான் எங்க அம்மா போயிருந்தாங்க. எனக்குக் காலேஜ்ல இடம் கிடைச்ச கடிதாசியை ஒளிச்சு வெச்சவங்க. கேட்டுடணும்னு இருந்தேன். வீடு முழுக்க ஆளு. யாரும் என்னை ஒரு நிமிஷம் அவங்ககூடத் தனியா விடல. அந்த ஆத்திரத்துல அடிச்சுட்டேன்.”

“நல்லா இருப்பீங்களா நீங்க?” என்று அந்தப் பெண் எழுந்துவிட்டார். “எங்க அம்மாவை, செத்துக் கிடந்தவங்களை, நான் என்னவெல்லாம் கேட்டேன் தெரியுமா? உங்களுக்கு வேலை போயிடும்னு பயம், அதுக்கு நான் பாவியாகணுமா?”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அந்தப் பெண் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “நீங்களே சொல்லுங்க” என்று அக்கா பக்கம் தள்ளினார்.

அக்கா ஒன்றும் மறைக்காமல் சொன்னார். நாடா, பயம், நாலு பக்கம் எல்லாம். “உங்க தங்கச்சி மேல தப்பே இல்லைங்க. அவங்க புத்தகத்தை நம்பினாங்க. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க” என்று முடித்தார்.

அந்தப் பக்கம் லாரி போகும் சத்தம் கேட்டது.

“அப்ப எழுதினது பூரா நீங்கதானா மேடம்?”

“ஆமாங்க.”

“எழுதறதே எழுதினீங்க, மகனுக்கும் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?” என்றார் அண்ணன். “எனக்கும் எங்க அம்மாகிட்டக் கேட்க இருந்துச்சு. ரெண்டு தடவை கதவைத் தட்டினேன். இவ திறக்கல.”

அக்கா எங்களைப் பார்த்தார். “எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லைங்க” என்றார். “தோணாமப் போச்சு.”

அந்தப் பெண் போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“எனக்குக் கேட்டுச்சுண்ணே, நீ தட்டினது,” என்றார். “ரெண்டு தடவையும் கேட்டுச்சு.”