மூன்றாம் தண்ணீருக்கு முன்னால்

எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. கோபம் மட்டும் மூக்குக்கு மேல். கீரனூர் பக்கம், பஸ் நிற்கும் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தார். வீட்டில் நானும், மூன்று வயது மகளும், வீட்டுக்காரரின் அக்காவும்தான். அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் போனபிறகு பிறந்த வீட்டோடு வந்துவிட்டவர். ஒரே பிள்ளையையும் அம்மைக்குக் கொடுத்தவர். அது நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் கேட்டதில்லை.

மாசி மாதத்தில் மகளுக்குத் தட்டம்மை போட்டது. அம்மை போட்ட வீட்டில் என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தோம். வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிப்பை நிறுத்தினோம். வெளியாள் உள்ளே வரக்கூடாது, வீட்டு ஆள் ஊரைத் தாண்டக்கூடாது, மருந்து என்ற பேச்சே எடுக்கக்கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை பிள்ளையின் தலையில் ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா இறங்கிப் போனதாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் பிள்ளை வாசலைத் தாண்டலாம்.

ஏழாம் நாள் முதல் தண்ணீர் ஊற்றினோம். தடிப்பெல்லாம் மங்கியிருந்தது. ஒரு வாரமாக நைநை என்று அழுதுகொண்டே இருந்தவள் அன்று மத்தியானத்துக்கு மேல் சத்தமில்லாமல் படுத்துவிட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாயை மூடினாளே அதுவே போதும் என்று சேர்ந்து கிடந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். பிள்ளை குளிர்ந்துவிட்டாள் என்று அண்ணியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அழுவதற்கும் தெம்பு வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தேன். ஒரு மடக்கு விழுங்குவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த மடக்கு கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே சதை உள்ளே போய்க் குழி விழுந்தது. ஓடி விளையாடிவிட்டு வந்தவள் போல மூச்சு, ஆனால் பிள்ளை அசையாமல் கிடக்கிறாள். கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அண்ணியிடம் சொன்னேன். ஆத்தா இறங்குகிற நேரத்தில் அப்படித்தான் மூச்சு வாங்கும், கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு சும்மா இரு என்றார். சும்மா இருப்பதாவது! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போனேன், வந்தேன், மறுபடி சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். இன்னும் இரண்டு தண்ணீர் பாக்கி. அது வரைக்கும் இந்த மூச்சு ஓடுமா? காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அண்ணி வாசலில் குறுக்கே வந்து நின்றார். தண்ணீர் ஊற்றாத பிள்ளையை வெளியே கொண்டுபோனால் ஆத்தா பொறுக்கமாட்டாள் என்றார். நான் கத்தினேன், அவர் கெஞ்சினார், ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. அப்போதுதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"ஒங்க பிள்ளையத்தான் வாரிக் குடுத்துட்டீங்க. எம்பிள்ளையவும் குடுக்கணுமா?"

அண்ணி கிட்ட வந்து, என் தோளில் கிடந்தவளின் சட்டையைத் தூக்கினார். அதுவரை அவர் தூக்கிப் பார்த்திருக்கவில்லை. குழி விழுவதையும் எழும்புவதையும் பார்த்துக்கொண்டே நின்றார். நேரம் போகிறதே என்று நான் துடித்தேன். அவர் விறுவிறுவென்று உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வேப்பிலைக் கொத்தை நனைத்துப் பிள்ளையின் உச்சியில் இரண்டு முறை சொட்டவிட்டார்.

"ரெண்டாந் தண்ணியும் ஊத்தியாச்சு, மூணாந் தண்ணியும் ஊத்தியாச்சு. குத்தம்னா ஆத்தா எங்கிட்டக் கேக்கட்டும். நட, பஸ் போயிரும்."

நான் போட்ட சத்தத்தில்தான் மனசு மாறினார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

ரோடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். அம்மைப் பிள்ளை என்று தெரிந்தால் கண்டக்டர் ஏற்றமாட்டார் என்று அண்ணி மகளைத் தன் கையில் வாங்கி, முகத்து மஞ்சளை முந்தானையால் துடைத்து மூடிக்கொண்டார். பஸ்ஸில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி எங்கள் பக்கத்தில் உட்கார வந்தாள். அவளைப் பின்னால் போகச் சொன்னதும் அண்ணிதான். அவள் எங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்திருப்பாள். கை காட்டிய இடத்திலெல்லாம் பஸ் நின்றது. ஒரு கடையில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். அந்த டம்ளரைத் தட்டிவிடலாம் போல எனக்கு ஆத்திரம். முந்தானைக்குள் கையை விட்டு விட்டு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தவுடனேயே பென்சிலின் ஊசி போட்டு, மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்தார். வையவில்லை. வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு நாள் நானும் அண்ணியும் பேசிக்கொள்ளவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் மகள் எழுந்து உட்கார்ந்து, அப்பளம் வேண்டும் என்று சிணுங்கினாள். நான் அப்படியே உடைந்து அழுதேன்.

அன்றைக்கு டாக்டர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். அம்மை வடிகிற நேரத்தில் நெஞ்சுக்குள் சளி பிடித்துக்கொண்டதாம். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பிள்ளை குடிக்கமுடியாமல் துவண்டு கிடந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும், வேப்பிலையோடு வந்தாலும் சரி, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார். அடுத்த கட்டிலுக்குத் திரும்பியவரை அண்ணி நிறுத்தினார்.

"குழி விழுந்தப்பறம் எத்தன நாளு வரைக்கும் கொண்டாரலாமுங்க?"

பிள்ளைக்குப் பிள்ளை மாறும், ஆனால் மூச்சு இருக்கிற வரைக்கும் கொண்டுவரலாம், எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கின்றன என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அண்ணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று வாசலில் கொட்டிய வார்த்தையை எப்படி அள்ளுவது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அவனுக்கு மூணு நாளு குழி விழுந்துச்சு," என்றார். "மூணு நாளும் நான் வாசலத் தாண்டல."