நடுவில் போட்ட நாற்காலி

காலையில் பூஜை செய்யும்போது எனக்குச் சாமி பாட்டு ஓடவேண்டும். விளக்குக்குத் திரி போடுவேன், பூ வைப்பேன், கூடவே முணுமுணுப்பேன். நான் எட்டாவதோடு நின்றவன், சுலோகம் ஒன்றும் மனப்பாடமில்லை. பாட்டோடு ஒட்டிக்கொண்டு போவதுதான் என் மந்திரம்.

தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒருநாள் என் மனைவியின் தம்பி புது பிளேயரும் இரண்டு ஸ்பீக்கரும் சாமி பாட்டு டிஸ்க் ஒன்றும் கொண்டுவந்தான். மறைமலை நகரில் இன்ஜினியர். சாதாரண சிடி மாதிரி இல்லை, இது இருபத்துநாலு பிட், பாடகர் எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும் என்றான். ஆசையாக வாங்கித் தந்ததை எப்படி வேண்டாம் என்பது?

ப்ளக் பாயிண்ட் இருந்தது மேற்குச் சுவரில். சாமி அலமாரி கிழக்கில். இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் அதன் அருமை தெரியுமாம். உட்கார்ந்தேன், சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஃபேனை நிறுத்திட்டேன் மாமா. இப்ப கேளுங்க. வித்தியாசம் தெரியுதா?"

"பாட்டு நல்லா கேக்குது மச்சான்."

"பாட்டு எல்லாருக்கும்தான் கேக்கும். டீடெயில் தெரியுதான்னு கேட்டேன்."

"உங்க மாமாவுக்கு நான் கூப்பிடறதே காதுல விழாது, இதுல டீடெயிலு வேற" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

அவன் போனபிறகு, ஒரே பாட்டைப் பழைய சிடியிலும் புது டிஸ்கிலும் மாற்றி மாற்றிப் போட மனைவியிடம் சொல்லி, பார்க்காமல் கேட்டேன். எது எதுவென்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் புதிதாகக் கேட்டது. சாமி பேருக்கு முன்னால் பாடகர் மூச்சு இழுக்கும் சத்தம். பழைய சிடியைக் கவனித்தால் அதிலும் அந்த மூச்சு இருக்கிறது. இத்தனை வருஷம் கைவேலை இல்லாமல் உட்கார்ந்து நான் கேட்டதே இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து காது அந்த மூச்சுக்கே போய் நின்றது. பேரில் மனசு ஒட்டவில்லை. பூஜையே பிடிக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையிலேயே மச்சான் வந்தான். சாமிக்கு முதுகைக் காட்டி உட்காரவேண்டியிருக்கிறது என்று அவனிடம் சொன்னேன்.

"சாமிய ஸ்பீக்கருக்கு நடுவுல மாத்திட்டா பிரச்சினையே இல்ல மாமா."

"அது பாத்ரூம் சுவருடா."

சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பூஜை முடித்துக் கற்பூரம் ஏற்றி மணியடித்தேன். திரும்பாமலே கையை உயர்த்தினான்.

"மணி வேணாம் மாமா, இந்த இடம் முடியட்டும்."

தட்டோடு நின்றேன். மனைவி வந்து ஒற்றிக்கொண்டு போனாள். பாட்டு அதே சாமியைத்தான் கூப்பிட்டது. அவன் கண்ணோரத்தில் நீர் வேறு. அதைப் பார்த்ததும் எரிச்சல் கூடியது, இவனோடு எப்படிச் சண்டை போடுவது? கற்பூரம் அணைந்தது.

"கேட்டீங்களா மாமா?"

"எடுத்துட்டுப் போயிடு மச்சான். உன் வீட்ல வச்சுக் கேளு."

அவன் முகம் சுண்டிவிட்டது. ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினான். நான் விபூதியை எடுத்து நீட்டினேன். நெற்றியைக் காட்டினான்.