மிச்சத்தில் ஒரு மிச்சம்

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட அது மரியாதை. தென் லண்டனில் நான் இருக்கிற ஊரின் பெயர் மிச்சம். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் தெருவில் கரண்ட் போனது. புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து, ஆட்கள் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நான் இரண்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஐஸ்கட்டி வாங்கக் கடைக்குப் போனேன். மூலைக்கடைக்காரர் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ஆள். டோர்ச் வெளிச்சத்தில் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணை, வெளியில போய்க் கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கோ. ஐஸ் தானா வரும்." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது வருஷம் இந்தக் குளிரில் விறைத்த பிறகும், ஐஸ் என்றால் கடையில் வாங்குகிற சாமான் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை.

கடைக்குச் சும்மா போகவில்லை. என் ஃப்ரீசரில் ஒரு பெட்டி இருந்தது, வெனிலா ஐஸ்கிறீம் வந்த பழைய பிளாஸ்ரிக் பெட்டி. அதற்கு முந்தின சித்திரையில், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள், என் மனைவி மலர் விடியவிலிருந்து நின்று சமைத்து, பெட்டி பெட்டியாய் அடைத்து, மூடிகளில் பேனையால் எழுதி வைத்தாள்: கணவாய், கோழி, பருப்பு. அவள் திரும்பி வரவில்லை. செத்தவீடு முடிந்த கிழமைகளில் அவற்றை என்ன ஏதென்று தெரியாமலே தின்று தீர்த்துவிட்டேன். கடைசியாய் மிஞ்சினதில் கறியின் பெயர் இல்லை. 'இவருக்கு' என்று மட்டும் இருந்தது. கட்டின நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. என்னைக் கூப்பிட 'இஞ்சருங்கோ', மற்றவர்களிடம் 'இவர்'. அந்த ஒரு சொல்லைத் திறக்க ஏலாமல் ஒன்பது மாதம் வைத்திருந்தேன். கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டாலே போதுமாம். நான் உருகுதோ என்று பத்து நிமிஷத்துக்கு ஒருக்கால் திறந்து திறந்து பார்த்தேன்.

ஐஸோடு எனக்கு எப்போதும் ராசியில்லை. கல்யாணமான புதிதில், யாழ்ப்பாணத்தில் கரண்ட் என்பதே மறந்துபோயிருந்த காலத்தில், மலர் குளிர்ந்த சர்பத் குடிக்க ஆசைப்பட்டாள். எங்கேயோ மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரின் புண்ணியத்தில் ஒரு மீன்காரரிடம் ஐஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஐந்து மைல் சைக்கிள் மிதித்துப் போய், ஒரு பாளத்தை மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிக் கரியரில் கட்டினேன். வருகிற வழியில் கூட்டாளி ஒருவனைக் கண்டு கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீட்டு வாசலில் அவிழ்த்தால் ஈரச் சாக்கும் மீன் மணமும்தான். "இஞ்சருங்கோ, ஐஸ் வாங்கப் போனனீங்களோ, சாக்குத் தோய்க்கப் போனனீங்களோ?" அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பத்துச் சாக்கு நனைத்திருப்பேன்.

கடையிலிருந்து வெறுங்கையோடு வந்த பிறகுதான் புத்தி வந்தது. பெட்டியைப் பின்வளவில் குப்பைத்தொட்டி மூடிமேல் வைத்தேன். இங்கே நரி பகலிலேயே உலாவும் என்பதால் வளவு கூட்டுகிற தும்புத்தடியோடு காவல் நின்றேன். பக்கத்து வீட்டு டொறத்தி, எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "வாட் ஹாவ் யூ காட் தேர், லவ்?" "மை வைஃப்ஸ்…" என்று தொடங்கினேன். கறி என்ற சொல் வரவில்லை. அவள் பெட்டியைப் பார்த்தாள். கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். தலையைக் குனிந்தாள். அஸ்தி என்று நினைத்துவிட்டாள்! வெனிலாப் பெட்டியில்! விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தக் குளிரில் நரைமயிர் பறக்க அவள் நின்ற நிலையைப் பார்த்ததும், நானும் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்தேன். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பகிடி விட்டுச் சிரிக்கவைத்து அனுப்பினவன் நான். எனக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

மூன்று மணிபோல், வெளிச்சம் மங்கத் தொடங்க, கரண்ட் வந்தது. பெட்டியை உள்ளே கொண்டுவந்தேன். நடுவில் கட்டி, ஓரமெல்லாம் குழம்பு. முழுதாக உறையவும் இல்லை, முழுதாக இளகவும் இல்லை. இந்த நாட்டில் என் முப்பது வருஷத்தைப்போல. மூடி இடுக்கால் வறுத்த கறித்தூளின் மணம் வந்தது. மலரின் தங்கை வதனி சாவகச்சேரியில் இடித்து எங்களுக்கு அனுப்புகிற தூள். அவளுக்கே போன் எடுத்தேன். இளகினதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வைக்கலாம் என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும் போலிருந்தது. கடை, நரி, டொறத்தி எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்துவிட்டுக் கேட்டேன்: "திரும்ப ஃப்ரீசருக்குள்ள வைக்கட்டே, வதனி? இது முடிஞ்சால் அக்கான்ர கைச்சமையல் இனி இல்லை."

அவள் சிரிக்கவில்லை. அங்கே இரவு எட்டரை. மலரின் அதே குரலில் சொன்னாள்:

"உலையில அரிசியைப் போடுங்கோ, அத்தான்."