சாகாமல் தங்கிவிட்ட செல்கள்

சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனதாலும் வயிறும் கால்களும் வீங்கியதாலும் பயந்து, கடலூரில் ஒரு சிறுநீரக மருத்துவரைப் பார்த்தேன். சோதனைகள் முடிந்ததும் அவர் பொறுமையாக விளக்கினார்.

"நோயோட சண்டை போடுற செல்லுங்கள்ல சிலது தப்பா நம்ம உடம்பையே தாக்கப் பார்க்கும்மா. அதுங்க தானா செத்துடணும். உங்களுக்குச் சாகாம தங்கி, கிட்னியத் தாக்குது. மருந்தால அடக்கலாம்."

அடக்கலாம் என்றது என் மனதில் ஏறவில்லை. சாகவேண்டியவை எனக்குள் உயிரோடு திரிகின்றன என்பதுதான் நின்றது. ஊசிப்போன சோற்றைத் தொட்டதுபோல் என் உடம்பே எனக்கு அருவருத்தது. வீடு திரும்ப நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன்.

குள்ளஞ்சாவடி தாண்டியும் உட்கார இடமில்லை. ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மா என் வயிற்றையும் காலையும் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மாசமா இருக்கிறியாம்மா? ஏன் நின்னுகினு வர? உக்காரு."

"குழந்தை இல்லைங்க. என் ரத்தமே என் கிட்னியத் தின்னுது. அந்த வீக்கம்," என்றேன் வெறுப்போடு.

"ஒட்டிக்கிற நோவா?"

"இல்லைங்க."

"அப்ப உக்காரு."

நான் உட்கார்ந்ததும் அவர் குனிந்து, என் கால் சதைக்குள் புதைந்திருந்த செருப்பு வாரைக் கழற்றத் தொடங்கினார்.

"தொடாதீங்கம்மா, அசிங்கமா இருக்கு."

"என்னா அசிங்கம்? காலுதான?"

சிகிச்சையில் இப்போது வீக்கம் வடிந்திருக்கிறது. அருவருப்பு முழுசாகப் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்ததும், பார்க்கவே கூசிய கால்களை என் கையாலேயே தேய்த்துக் கழுவினேன்.